விட்ட பிறகு ஏன் திரும்புகிறார்கள்? மன அழுத்தமும் ஹெரோயின் தேடலும்

கொட்டியாரம்:
திருகோணமலையின் மூதூர், கிண்ணியா, உப்புவெளிப் பக்கம் போதை மறுவாழ்வு வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்கிறேன். முகாமிலோ வார்டிலோ இருந்து தூளை (ஹெரோயினை) விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற பெடியன் முதல் இரண்டு கிழமை நல்லாத்தான் இருக்கிறான். நித்திரை குறைவு, எரிச்சல் கூட, அவ்வளவுதான். ஒன்றரை, இரண்டு மாதம் கழிந்து, "இனிப் பயமில்லை" என்று வீட்டார் மூச்சு விடுகிற நேரத்தில் திரும்பப் போய்விடுகிறான். காரணம் கேட்டால் "ஆசை வந்தது" என்று சொல்பவர்கள் குறைவு. "அண்டைக்கு வீட்டில சண்டை", "லோன்காரர் வாசலில வந்து நிண்டவை", "அடுத்த நாள் வழக்குத் தவணை" என்றுதான் பதில் வருகிறது. வாடைக்காலம் வேறு. கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் சின்ன வள்ளக்காரர் கடலுக்குப் போக ஏலாது. வருமானம் நிற்கும், கிழமைக்கடன் நிற்காது.

மூன்று கேள்வி. உடம்பில் மருந்தே இல்லாதபோது மன உளைச்சல் எப்படி மருந்துத் தேடலைக் கிளப்புகிறது? அதை மறிக்க மருந்து இருக்கிறதா? வீட்டார் அந்த நாளில் என்ன செய்யவேணும்? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கோ. குடும்பங்களுக்குக் கொடுக்க ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறோம்.

ஏழுகிணறு:
தம்பி, முதல் கேள்விக்கு ஆய்வுக்கூடப் பதில் 1995 இலேயே இருக்கிறது. மொன்ட்ரியல் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தில் ஜேன் ஸ்டூவர்ட்டும் யாவின் ஷஹாமும் செய்த பரிசோதனை. செய்முறையைப் பார்த்தால்தான் முடிவு விளங்கும்.

எலியின் கழுத்து நாளத்தில் மெல்லிய குழாய் வைத்துத் தைப்பார்கள். கூண்டில் ஒரு நெம்புகோல். அழுத்தினால் ஹெரோயின் கொஞ்சம் இரத்தத்துக்குள் போகும், கூடவே ஒரு விளக்கு எரியும். இப்படிச் சில நாள் பழக்குவார்கள். பிறகு ஹெரோயினுக்குப் பதில் உப்புநீர். எலி அழுத்தி அழுத்திப் பார்த்து, ஒன்றும் வராததால் நாளடைவில் கைவிட்டுவிடும். இதுதான் அணைந்த நிலை. அதற்குப் பிறகு கூண்டின் கம்பித் தரையில் 15 நிமிடம், இடைவெளி விட்டு, அரை மில்லி அம்பியர் அளவு சின்ன மின்னதிர்ச்சி. ஒவ்வொன்றும் அரை வினாடி. எப்போது வரும் என்று எலிக்குத் தெரியாது. அதிர்ச்சி நின்றதும் நெம்புகோலைக் கூண்டுக்குள் விடுவார்கள். எலி திரும்பவும் அழுத்தத் தொடங்கிவிடும். உப்புநீர்தான் வருகிறது, ஆனாலும் அழுத்துகிறது.

கவனிக்கவேண்டியது மூன்று. 4 முதல் 6 கிழமை மருந்தே காணாத எலியிலும் இது நடந்தது. சின்ன அளவு ஹெரோயினைத் திரும்பக் கொடுத்துத் தூண்டுவதற்கு இந்த அதிர்ச்சி எந்த விதத்திலும் குறையவில்லை. மூன்றாவது, ஹெரோயினின் வேலையை மறிக்கிற நால்ட்ரெக்சோன் என்ற மருந்தைக் கொடுத்து வலிந்து ஏற்படுத்திய விலகல் வேதனை (ஹெரோயின் நின்றதும் உடம்பு படுகிற பாடு) இப்படித் தேட வைக்கவில்லை. அதாவது "உடம்பு நோகுது, அதனால் தேடுது" என்ற பழைய விளக்கம் இங்கே பொருந்தாது. மன அழுத்தம் தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது.

சோளகம்:
ஏழுகிணறு அண்ணை, எலியின் காலில் மின்சாரம் அடிப்பதும் கடன்காரர் வாசலுக்கு வருவதும் ஒன்றாகுமா? அதிர்ச்சி அடித்தால் எந்த மிருகமும் பதறி எதையாவது அழுத்தும். மறுவாழ்வில் நிற்பதும் விழுவதும் மனத்திடத்தைப் பொறுத்தது என்பதுதான் எனக்குப் படுவது. காலையில் எழும்பி உடற்பயிற்சி, வேலை, ஒழுங்கு. இவற்றால் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏழுகிணறு:
பதறி அழுத்துகிறதா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் கூண்டில் இரண்டு நெம்புகோல் வைத்தார்கள். ஒன்று மருந்து தந்தது, மற்றது எதுவும் தராதது. பதற்றம் மட்டும் என்றால் இரண்டையும் அழுத்தவேணும். மருந்து தந்ததைத்தான் அழுத்தியது. இன்னொன்று, இனிப்புக்குப் பழக்கிய எலிகளுக்கு இதே அதிர்ச்சி கொடுத்தபோது இனிப்பைத் தேடி அவை அப்படி அழுத்தவில்லை.

கால் அதிர்ச்சிதான் வேணும் என்றும் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் சாப்பாட்டை நிறுத்தினாலும் ஹெரோயின் தேடல் திரும்பியது. ஷலேவ் என்பவரின் குழு 2000 ஆம் ஆண்டு காட்டியது இது. பசி என்பது மிருகத்துக்கு மிகப் பழைய அழுத்தம். யோஹிம்பீன் என்ற மருந்து மூளையில் நோராட்ரினலின் என்ற பதற்ற இரசாயனத்தைக் கூட்டும். அதை ஊசியாகக் கொடுத்தாலும் தேடல் வரும். ஆனால் யோஹிம்பீன் சாப்பாட்டுத் தேடலையும் கிளப்பும் என்பதால் அதன் சாட்சி கொஞ்சம் பலவீனம்.

மனிதரிடம் மின்னதிர்ச்சி தேவையில்லை. அவரவர் வாழ்க்கையில் நடந்த ஒரு கசப்பான நிகழ்வை அவர் வாயாலே சொல்லவைத்து, ஒலிப்பதிவாக்கி, சில நிமிடம் கண்ணை மூடிக் கேட்க வைப்பார்கள். வியர்வை, இதயத்துடிப்பு, ஆசை மூன்றும் ஏறும். யேல் பல்கலைக்கழகத்தில் ரஜிதா சின்ஹா இந்த முறையை வளர்த்தெடுத்தார்.

மனத்திடம் பொய் என்று நான் சொல்லவில்லை. முன்மூளைதான் "பொறு" என்று சொல்கிற பகுதி. கடும் அழுத்தத்தில் நோராட்ரினலினும் டோபமினும் அளவுக்கு மேல் பாயும்போது முதலில் பலமிழப்பதும் அதே முன்மூளைதான். அமைதியான நாளில் உறுதியாக நின்றவன் சண்டை நாளில் ஏன் வேறு ஆளாகத் தெரிகிறான் என்பதற்கு இது ஒரு காரணம்.

கொட்டியாரம்:
மன அழுத்தம் என்றால் கோர்ட்டிசோல் என்றுதானே எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அப்படியென்றால் இரத்தத்தில் கோர்ட்டிசோலைக் குறைத்தால் போதுமா?

ஏழுகிணறு:
இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். எலியில் அந்த ஹோர்மோனைச் சுரக்கிற அதிரீனல் சுரப்பியையே வெட்டி எடுத்துவிட்டார்கள். கோர்ட்டிசோலுக்கு எலியில் நிகரான கோர்ட்டிகோஸ்ரெரோன் வர வழியில்லை. அப்படியும் அதிர்ச்சி ஹெரோயின் தேடலைக் கிளப்பியது. ஆனால் அழுத்தம் வரும்போது சுரக்கிற சீ.ஆர்.எஃப். என்ற மூளைப் பதார்த்தத்தின் ஏற்பிகளை அடைத்தால் தேடல் தணிந்தது. சீ.ஆர்.எஃப். ஐ நேரே மூளைக்குள் விட்டால் அதிர்ச்சி இல்லாமலே தேடல் வந்தது. 1997, 98 இல் வந்த முடிவுகள் இவை. ஆக, நெருப்பு மூளைக்குள்ளேயே எரிகிறது, சுரப்பியில் அல்ல.

மனிதரிடம் இன்னொரு வியப்பு. சுவிற்சர்லாந்தில் பாசல் நகரில், மருத்துவ மேற்பார்வையில் ஹெரோயின் பெறும் நோயாளருக்கு 20 மி.கி. கோர்ட்டிசோல் வாயால் கொடுத்துப் பார்த்தார்கள். 2015 இல் வெளியானது. குறைந்த அளவு ஹெரோயின் பெற்றவர்களில் ஆசை கூடவில்லை, குறைந்தது. நினைவு மீட்டலைக் கோர்ட்டிசோல் தடுப்பதால் இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். கோர்ட்டிசோல் இரத்தப் பரிசோதனை செய்து "இவர் திரும்புவார், அவர் திரும்பமாட்டார்" என்று சொல்ல ஏலாது. யாராவது தனியார் ஆய்வுகூடத்தில் அதற்குக் காசு வாங்கினால் கொடுக்காதேயுங்கோ.

நரம்பு வழி சுருக்கமாக இது: மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் நோராட்ரினலின் கலங்கள் இருக்கின்றன. அவற்றின் நார்கள் மேலே போய், பயத்தை உணர்கிற அமிக்டலாவின் மையக் கருவிலும் அதையொட்டி நீண்டிருக்கிற பி.என்.எஸ்.ரீ. என்ற சின்னத் திசுவிலும் முடிகின்றன. அழுத்தம் வந்ததும் அங்கே நோராட்ரினலின் கொட்டும், அது சீ.ஆர்.எஃப். கலங்களை எழுப்பும், அங்கிருந்து தூண்டல், ஆசையைக் கிளப்புகிற டோபமின் வழிகளுக்குப் போகும். 2000 ஐ ஒட்டிய ஆண்டுகளில் குளோனிடீன், லொஃபெக்சிடீன் என்ற இரண்டு மருந்துகளை எலிக்குக் கொடுத்தார்கள். இரண்டும் நோராட்ரினலின் கலங்கள் சமிக்ஞை விடுவதைக் குறைப்பவை. அதிர்ச்சியால் வருகிற தேடல் தணிந்தது, போதைமருந்தைத் திரும்பக் கொடுத்துத் தூண்டிய தேடல் தணியவில்லை. மற்றப் பக்கம் நால்ட்ரெக்சோன் ஹெரோயின் தூண்டலை மறித்தது, அழுத்தத் தூண்டலை மறிக்கவில்லை.

இரண்டு கதவு, இரண்டு பூட்டு. ஒரு சாவி மற்றதுக்குப் பொருந்தாது. தம்பியின் தாளில் வேறு எது இல்லாவிட்டாலும் இது இருக்கவேணும்.

உவர்மலை:
மருந்துப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

குளோனிடீன் முதலில் இரத்த அழுத்த மாத்திரை. விலகல் வேதனைக்கு, அந்த வியர்வை, நடுக்கம், கொட்டாவி, மூக்கு வடிதலுக்கு நெடுங்காலமாகப் பாவிக்கிறார்கள். லொஃபெக்சிடீன் அதன் தம்பி, இரத்த அழுத்தத்தைக் குறைவாக இறக்கும். அமெரிக்காவில் 2018 இல்தான் விலகல் வேதனைக்கு அனுமதி கிடைத்தது.

வேதனை முடிந்த பிறகும் கொடுத்தால் பயன் உண்டா என்பதற்கு மனிதரில் நடந்த முக்கிய ஆய்வு 2015 இல் வெளியானது. அமெரிக்காவின் பால்ட்டிமோரில், ஹெரோயினுக்கு மாற்றாகக் கொடுக்கிற புப்ரெனோர்பின் மருந்தைப் பெற்றுக்கொண்டிருந்த 118 பேர். ஒரு பகுதிக்கு நாளுக்கு 0.3 மி.கி. வரை குளோனிடீன், மறுபகுதிக்கு வெற்று மாத்திரை, 14 கிழமை. தொடர்ச்சியாக ஓப்பியொயிட் (ஹெரோயின் வகைப் போதை) எடுக்காமல் இருந்த மிக நீண்ட காலம் குளோனிடீன் பெற்றவர்களில் சராசரி 34.8 நாள், மற்றவர்களில் 25.5 நாள். முதல் சறுக்கல் பிந்தியது. ஆனால் முழுதாகத் திரும்ப விழும் காலத்தில் இரு பகுதிக்கும் வேறுபாடு காணவில்லை. இதையும் சேர்த்தே சொல்லவேணும், இல்லாவிட்டால் பொய்யான நம்பிக்கை கொடுத்தவர்களாவோம்.

அந்த ஆய்வில் எனக்குப் பெறுமதியாகப் பட்டது இன்னொரு பகுதி. அவர்கள் கையில் ஒரு கருவி. நாளில் பல தடவை அது ஒலிக்கும், அந்த நேரம் மன உளைச்சல் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று பதியவேணும். குளோனிடீன் பெற்றவர்களுக்கும் உளைச்சல் வந்தது. ஆனால் உளைச்சல் ஏற ஆசையும் கூடவே ஏறுகிற அந்தப் பிணைப்புத் தளர்ந்திருந்தது. கடனை மாத்திரை தீர்க்காது. கடனுக்கும் தூள் பக்கட்டுக்கும் நடுவில் இருக்கிற கயிற்றைத்தான் தளர்த்துகிறது.

குளறுபடி வருகிற இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, திடீரென நிறுத்துவது. வாடையில் காசில்லை, மாத்திரை முடிந்தது, இரண்டு நாள் இல்லாமல் விட்டால் இரத்த அழுத்தம் எகிறும், தலையிடி, படபடப்பு, நித்திரையின்மை. நோராட்ரினலின் அணையைத் திறந்துவிட்ட மாதிரி. திரும்ப விழ அதைவிட மோசமான இரண்டு நாள் இல்லை. பல நாளாகப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தவேணும். இரண்டாவது, பிரோபிரனலோல் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரையும் எடுப்பவர் குளோனிடீனைச் சட்டென்று விட்டால் அந்த எகிறல் இன்னும் ஆபத்து. மூன்றாவது, அடுத்த வீட்டு ஐயாவின் பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது. தயவுசெய்து வேண்டாம். வைத்தியர் பார்த்து எழுதினால் மட்டும்.

நிலாவெளி:
உவர்மலை அக்கா சொன்னதோடு ஒரு தாதியின் வேலையையும் சேர்க்கிறேன். குளோனிடீன் கொடுக்க முன் பிரஷரை இரண்டு தடவை பார்க்கவேணும். படுக்கவைத்து ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஒருதரம், எழுப்பி நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒருதரம். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, நிற்கும்போது கண் இருண்டாலோ அந்த வேளை மருந்தை நிறுத்தி வைத்தியருக்குச் சொல்லவேணும். மேல் அளவு 90 க்குக் கீழே என்றால் கொடுக்கவே கூடாது. நாடி 50 க்குக் கீழும் அப்படித்தான்.

வெயிலுக்குள் வலை இழுப்பவர், வள்ளத்தில் நிற்பவர் என்றால் இன்னும் கவனம். தண்ணி குறைந்து வியர்வை கூடினால் பிரஷர் தானாகவே இறங்கும். மாத்திரையும் சேர்ந்தால் வள்ளத்தில் மயங்கி விழுவார். வைத்தியரிடம் தொழில் என்ன என்று வாய்திறந்து சொல்லச் சொல்லுங்கோ. கிளினிக்கில் நிற்கிற இரண்டு நிமிடத்தில் அதைக் கேட்க மறந்துபோகும்.

சோளகம்:
எல்லாம் வாசித்தேன். ஒன்று கேட்கிறேன். வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படையினர் நாடு திரும்பியதும் பெரும்பாலானோர் விட்டுவிட்டார்கள் என்பது பதிவான உண்மை. யுத்தத்தைவிடப் பெரிய மன அழுத்தம் ஏது? அவர்களுக்குக் குளோனிடீன் கொடுக்கவில்லையே?

வெள்ளைமணல்:
நல்ல உதாரணம். ஆனால் அது உங்கள் பக்கம் சாய்வதைவிட எங்கள் பக்கம் கூடச் சாய்கிறது. லீ ராபின்ஸ் செய்த ஆய்வு அது. அங்கே அடிமையானவர்களில் நாடு திரும்பிய முதல் வருடத்துக்குள் மறுபடி அடிமையானவர் ஏறத்தாழ 5 வீதம், மூன்று வருடத்தில் 12 வீதம். அவர்கள் விட்டுவந்தது மருந்தை மட்டும் அல்ல. யுத்தம், முகாம், கூட்டாளி, விற்பவன், வாசம் எல்லாமே கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. அழுத்தமும் முடிந்தது, தடயமும் முடிந்தது.

எங்கள் பெடியன் அதற்கு நேர் எதிர். முகாமில் இருக்கும்போது கடன்காரரும் இல்லை, தூள் விற்கிற சந்தியும் இல்லை, தூள் இழுக்கிற வெள்ளித்தாளும் இல்லை. ஒழுங்கு நல்லாத்தான் வேலை செய்யும். பிறகு பஸ்ஸில் ஏற்றி அதே ஒழுங்கைக்கு, அதே கடனுக்கு, அதே சந்திக்குக் கொண்டுவந்து விடுகிறோம். வியட்நாம் படையினரைத் திரும்பவும் சைகோனில் இறக்கிவிட்ட மாதிரி.

ஏழுகிணறு:
வெள்ளைமணல் நானா சொன்னதற்கு ஆய்வுக்கூடச் சாட்சியும் உண்டு. யோஹிம்பீன் தனியே கொஞ்சம் தேட வைக்கும். ஹெரோயினோடு வந்த விளக்கும் சத்தமும் தனியே கொஞ்சம் தேட வைக்கும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தபோது எலி தனித்தனியே அழுத்தியதைவிட மிகக் கூட அழுத்தியது. ஆகவே ஒரே சண்டை, நடக்கிற இடத்தைப் பொறுத்து வேறு எடை பெறும். சண்டை முடிந்து கோபத்தோடு வெளியே நடந்து போகிற பாதை சந்திக்குப் போகிறதா, கடற்கரைக்குப் போகிறதா என்பது சின்ன விஷயம் இல்லை.

தம்பி கேட்ட ஒன்றரை மாதக் கணக்குக்கும் வருகிறேன். மருந்தை நிறுத்தி 1, 6, 12, 25, 66 நாள் என்று பிரித்து எலிகளைச் சோதித்தார்கள், 2001 இல். முதல் நாளில் அதிர்ச்சிக்குத் தேடல் எழவில்லை. ஆறாம் நாளிலிருந்து எழுந்தது. நாள் கடந்தால் ஆசை ஒரே கோடாக இறங்கும் என்பது எங்கள் கற்பனை. தேடல் முதலில் ஏறி, நெடுங்காலம் நின்று, பிறகுதான் தளரும். எலியின் நாளை மனிதரின் நாளாக அப்படியே பெருக்க ஏலாது. ஆனால் வளைவின் வடிவம் தம்பி காண்பதோடு ஒத்துப்போகிறது.

வெள்ளைமணல்:
இனி மூன்றாவது கேள்வி, வீட்டார் என்ன செய்வது.

குடும்பத்தோடு இருந்து ஒரு கலண்டரை விரியுங்கோ. "போதை பற்றிக் கதைப்போம்" என்று தொடங்கவேண்டாம், பெடியன் வாயை மூடிவிடுவான். அடுத்த மூன்று மாதத்தில் எந்த எந்த நாள் இறுக்கும் என்று கேளுங்கோ. லோன் கட்டுகிற கிழமை நாள், வழக்குத் தவணை, கிளினிக் நாள், பிள்ளையின் பள்ளிக்கூடக் காசு, தங்கச்சியின் கலியாணப் பேச்சு, செத்த வீட்டின் ஆண்டுத் திவசம், கடல் மூடுகிற கிழமை. எல்லாவற்றையும் வட்டம் போடுங்கோ. பெரும்பாலான அழுத்தம் முன்கூட்டியே திகதி சொல்லிவிட்டுத்தான் வருகிறது. அதிர்ச்சி எப்போது என்று எலிக்குத் தெரியாது, எங்களுக்குப் பாதியாவது தெரியும். அந்தப் பாதியைப் பாவிக்கவேணும்.

வட்டம் போட்ட ஒவ்வொரு நாளுக்கும் நாலு விஷயம் எழுதுங்கோ: யார் கூட இருப்பது, காசு யார் கையில், முதல் நாள் இரவு நித்திரை எப்படி, காலைச் சாப்பாடு என்ன. கடைசி இரண்டும் சிரிக்கிற விஷயம் இல்லை. நித்திரை இல்லாமல் வெறும் வயிற்றில் பிளேன்ரீயோடு வழக்குக்குப் போகிறவன் மூன்று அழுத்தத்தை ஒன்றாகச் சுமந்து போகிறான். இரண்டு இடியப்பமும் சொதியும் வழக்கை வெல்லாது, ஆனால் ஒரு சுமையை இறக்கும்.

லோன் கட்டுகிற நாளில் பெடியனை வாசலில் நிறுத்தவேண்டாம். கதைக்கிறவர் தாயோ அண்ணனோ ஆகட்டும். ஆனால் ஒளித்துச் செய்யவும் வேண்டாம். "இண்டைக்கு அவை வருவினம், நான் கதைக்கிறன், நீ மாமாவோட வலை தைக்கப் போ" என்று முகத்துக்கு நேரே சொல்லவேணும். மறைத்த கெட்ட செய்தி பின்னேரம் வேறு ஒருவர் வாயால் வந்தால் அந்த அடி இரட்டிப்பு.

சண்டை வந்துவிட்டால் அந்த இரவு தீர்ப்புச் சொல்லவேண்டாம். "திரும்பவும் போட்டுட்டு வந்தியோ, கையைக் காட்டு" என்று சட்டைப்பையைத் துழாவுவது, ஊருக்கு முன் ஏசுவது, இவையே அடுத்த அழுத்தம். ஆசை அலை மாதிரி எழும்பி இறங்கும், மணிக்கணக்கில் அதே உச்சத்தில் நிற்காது. அந்த நேரத்தைத் தாண்ட ஆள் துணை, நடை, குளிப்பு எதுவும் உதவும். தொலைபேசியில் கதைக்க ஆள் வேணும் என்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, தேசிய மனநல நிறுவகத்தின் 1926.

உவர்மலை:
நால்ட்ரெக்சோன் பற்றி ஒரு எச்சரிக்கை. நாளுக்கு 50 மி.கி. மாத்திரை, ஏறத்தாழ 24 மணிக்கு ஹெரோயினின் வெறியை மறிக்கும். கடைசித் தூளில் இருந்து குறைந்தது 7 முதல் 10 நாள் இடைவெளி இல்லாமல் தொடங்கினால் கடும் விலகல் வேதனை பாயும். ஆனால் மேலே அண்ணை எழுதியபடி, அழுத்தத்தால் வருகிற தேடலை இது தொடுவதில்லை. நடப்பது என்னவென்றால், சண்டை நாளில் பெடியன் மாத்திரையைத்தான் முதலில் நிறுத்துவான், இரண்டு மூன்று நாள் கழித்துத் தூளை எடுப்பான். அப்போது அவன் உடம்பு பழைய தாங்குதிறனை முழுக்க இழந்திருக்கும். மாத்திரைப் பெட்டி வீட்டார் கையில், காலையில் கண்ணுக்கு முன் விழுங்கவேணும். நிறுத்தியதைக் கண்டால் அதை ஒரு அறிவித்தலாக எடுங்கோ, குற்றமாக அல்ல.

ஹெரோயினுக்கு மாற்றாக மெதடோன், புப்ரெனோர்பின் கொடுக்கிற தொடர் சிகிச்சை வேறு விதம். 1960 களின் நடுப்பகுதியில் ரொக்ஃபெல்லரில் டோல், நைஸ்வாண்டர், கிரீக் மூவரும் தொடங்கிய வழி. ஒரே அளவில் நின்று பிடிக்கிற மருந்து கொடுத்தால் கலங்கிக் கிடந்த அழுத்தச் சுரப்பிகளின் ஒழுங்கு மாதக்கணக்கில் வழமைக்கு வரும் என்பதைக் கிரீக் பின்னர் காட்டினார். உயிர் காப்பதிலும் இதற்கு நிகராக ஒன்றும் இல்லை. 2017 இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, மெதடோன் பெறும் காலத்தில் ஆயிரம் பேருக்கு வருடம் 11.3 இறப்பு, நிறுத்திய காலத்தில் 36.1. புப்ரெனோர்பினில் 4.3 உம் 9.5 உம்.

அப்படியும் அழுத்தக் கதவு முழுதாக மூடுவதில்லை. தொடர்ந்து ஹெரோயின் வடிகிற சிறு பம்பு பொருத்திய எலிகூட அதிர்ச்சிக்குத் தேடியது. அதனால்தான் பால்ட்டிமோரில் புப்ரெனோர்பினுக்கு மேல் குளோனிடீனைச் சேர்த்துப் பார்த்தார்கள்.

கொட்டியாரம்:
சீ.ஆர்.எஃப். ஐ அடைக்கும் மாத்திரை மனிதருக்கு ஏன் இல்லை?

ஏழுகிணறு:
முயன்றார்கள். பெக்சசெர்ஃபொன்ட், வெருசெர்ஃபொன்ட் என்ற இரண்டையும் மதுவுக்கு அடிமையானவர்களில் சோதித்தார்கள். 2015, 2016 முடிவுகள். அழுத்தத்தால் வருகிற மது ஆசை குறையவில்லை. எலியில் தெளிவாக வந்தது மனிதரில் வரவில்லை. குளோனிடீன் தப்பி நின்றது, அவ்வளவே.

வெள்ளைமணல்:
நோன்பு பற்றி எழுதாமல் விட்டால் கிண்ணியாவில் இருந்து கட்டாயம் கேள்வி வரும். எலிக்குச் செய்த பட்டினி ஒரு நாள், இரண்டு நாள் முழுப் பட்டினி. நோன்பு அப்படி இல்லை, அதில் இரவு உணவும் சஹரும் ஜமாஅத்தின் துணையும் இருக்கிறது. பலருக்கு ரமழான் மிக உறுதியான மாதம். ஆனால் குளோனிடீன் எடுப்பவர் பகலில் தண்ணியில்லாமல் வெயிலில் நின்றால் நிலாவெளி மிஸ் சொன்ன மயக்கம் வரும். தானாகவே வேளையைத் தள்ளிவைக்கவோ இரண்டு வேளையை இஃப்தாரில் ஒன்றாக விழுங்கவோ கூடாது. ரமழானுக்கு இரண்டு கிழமை முன்னமே வைத்தியரிடம் போய் வேளையை மாற்றி எழுதச் சொல்லுங்கோ. நோயாளிக்கு நோன்பைப் பின்னர் நோற்கச் சலுகை இருக்கிறது, அதை மௌலவி வாயால் கேட்டால் பெடியனுக்கு மனம் ஆறும்.

நிலாவெளி:
நான் கட்டாயம் எழுதவேண்டியது மூச்சு நிற்கிற கட்டம். இரண்டு மாதம் விட்டவர் சண்டை நாளில் முந்தி எடுத்த அதே அளவை எடுத்தால் அது அவருக்கு இப்போது நஞ்சு. தாங்குதிறன் போய்விட்டது. அமெரிக்காவில் வொஷிங்டன் மாநிலத்தில் சிறையில் இருந்து வெளியே வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள், 2007 இல் வெளியானது. முதல் இரண்டு கிழமையில் போதை மிகுந்து இறக்கும் ஆபத்து அந்த மாநிலத்தின் மற்றவர்களைவிட 129 மடங்கு. முகாமில் இருந்து வருபவருக்கும் உடம்பு அதே உடம்புதான்.

அறிகுறி: கண்மணி ஊசிமுனை அளவு, தட்டினாலும் எழும்பாமை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுப் பத்துக்குக் கீழே, குறட்டை மாதிரிக் கொறகொற சத்தம், உதடு நீலம். அந்தச் சத்தத்தை "நல்ல நித்திரை" என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். அது மூச்சுக் குழாய் அடைபடுகிற சத்தம்.

செய்வது: 1990 அம்புலன்ஸ் சேவைக்கு உடனே எடுங்கோ. மோவாயை உயர்த்தித் தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து வினாடிக்கு ஒன்றாக வாயோடு வாய் மூச்சு. தானாக மூச்சு வந்தால் இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடித்துவிடுங்கோ. அம்புலன்ஸ் வந்ததும் என்ன எடுத்தார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கோ. ஹெரோயினை முறிக்கிற நலோக்சோன் ஊசி 0.4 மி.கி. தசையில் போட்டு, மூச்சு வராவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்பப் போடுவார்கள். அது தூளைவிட முந்தி இறங்கிவிடும் என்பதால் எழும்பியவரை உடனே வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது.

சோளகம்:
இது எனக்குப் புதிது. முகாமை விட்டுப் போகிற அன்று தாங்குதிறன் பற்றி யாரும் பெடியன்களுக்குச் சொல்வதில்லை. "இனி தொடாதே" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். இதைப் போகிற நாளில் பெற்றோரையும் வைத்துக்கொண்டு சொல்லவேணும். இன்னொரு கேள்வி: "டென்சனுக்கு" என்று பிரிகபலின் என்ற நரம்பு வலிக் கப்சூலைச் சிலர் கையில் கொடுக்கிறார்கள். அது சரியா?

உவர்மலை:
சரியில்லை. பிரிகபலினும் டயஸபாம் வகை நித்திரை மாத்திரையும் மூச்சு மையத்தை அமர்த்துபவை. தூளோடு சேர்ந்தால் இரண்டும் ஒரே பக்கம் தள்ளும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019 மார்கழியில் பிரிகபலினுக்கு மூச்சு எச்சரிக்கை விட்டது. அத்தோடு அதற்கே அடிமையாகிறார்கள். பெடியன் பையில் அந்தக் கப்சூலைக் கண்டால் வைத்தியரிடம் எடுத்துப்போங்கோ.

கொட்டியாரம்:
எல்லோருக்கும் நன்றி. தாளின் முதல் வரைபு இது. திருத்துங்கோ.

"மன உளைச்சல் மருந்துத் தேடலைக் கிளப்பும், அது உடம்பு வேதனை இல்லை. முதல் ஒரு மாதம் தாண்டினால் பயம் குறைவு. அடுத்த மூன்று மாதத்தின் இறுக்கமான நாட்களைக் கலண்டரில் வட்டமிடுங்கள். அந்த நாட்களில் ஆள் துணை, நித்திரை, சாப்பாடு. வைத்தியர் தந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். விட்ட பிறகு பழைய அளவு உயிரைப் பறிக்கும். எழுப்ப முடியாவிட்டால் முகத்தில் தண்ணீர் தெளித்து, உப்புத் தண்ணீர் பருக்கி, 1990 ஐ அழையுங்கள்."

ஏழுகிணறு:
இரண்டாவது வரியை எடுத்துவிடுங்கோ, அது தலைகீழ். "முதல் மாதம் தாண்டிய பிறகும் பல மாதம் கவனம் வேண்டும்" என்று போடுங்கோ.

நிலாவெளி:
உப்புத் தண்ணியை வெட்டுங்கோ, தம்பி. மயங்கியவர் வாயில் ஊற்றுகிற எதுவும், உப்போ தேசிக்காயோ பாலோ, நேரே நுரையீரலுக்குத்தான் போகும். தண்ணி தெளிக்கிற நேரத்தில் மூச்சுக் கொடுக்கலாம். 1990 ஐக் கடைசி வரியில் வைக்காமல் மேலே, பெரிய எழுத்தில், தாளை நாலாக மடித்தாலும் வெளியே தெரிகிற மூலையில் போடுங்கோ. அச்சடிக்க முன் ஒருக்கா இங்கே போட்டுக் காட்டுங்கோ.